மாமனார் போர்வெல்லில் அடைத்த காற்று

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையிடம் யாரும் ‘முடியாது’ என்று சொல்ல மாட்டார்கள். கிணற்றில் குதிக்கப்போகிறேன் என்று மாப்பிள்ளை சொன்னால்கூட, “குதிங்க மாப்ள, துண்டு எடுத்தாரட்டுங்களா?” என்றுதான் கேட்பார்கள். இந்த மரியாதை ஒரு மனிதனை எவ்வளவு பெரிய முட்டாளாக்க முடியும் என்பதற்கு அன்னூர்ப் பக்கம் இன்னும் என்னைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

நான் பீளமேட்டுக்காரன். வேலை, பெரியநாயக்கன்பாளையத்தில் கம்ப்ரஸர் செய்யும் ஒரு கம்பெனியில், டிசைன் பிரிவில். கல்யாணமான புதிது. என் தலைக்குள் அப்போது காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை (இப்போது மட்டும் என்ன இருக்கிறது என்பாள் தேன்மொழி. தேன்மொழி என் மனைவி).

காற்றுப் பைத்தியம் பிடித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆடி மாதம் உடுமலைக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று டீ கிளாஸையே தள்ளிக்கொண்டு போனது. சுற்றிலும் காற்றாலைகள். ஆனால் பாதி சுற்றவில்லை. காற்று அடிக்கிற அடியில் இதென்ன கூத்து என்று விசாரித்தால், “கரண்டு ஜாஸ்திங்க. லைன்ல வாங்கிக்க எடமில்லைன்னு நிறுத்தச் சொல்லிட்டாங்க” என்றார் டீக்கடைக்காரர். மாலை ஆறு மணிக்கு ஊரெல்லாம் மின்சாரம் போதவில்லை என்கிறார்கள். இங்கே வந்த மின்சாரத்தை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறார்கள். எனக்கு மனசே ஆறவில்லை.

அப்புறம் படித்தேன். வெளிநாட்டில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மிச்சமாகும் மின்சாரத்தில் கம்ப்ரஸரை ஓட்டி, பூமிக்கு அடியில் உப்புப் பாறையைக் கரைத்துச் செய்த குகைக்குள் காற்றை இறுக்கி அடைத்துவிடுகிறார்கள். தேவைப்படும்போது திறந்துவிட்டால் அந்தக் காற்று சீறிக்கொண்டு வந்து டர்பைனைச் சுற்றும், மறுபடி மின்சாரம். காற்றில் பிறந்த மின்சாரம் திரும்பக் காற்றாகி, பூமியின் வயிற்றுக்குள் போய், கூப்பிட்டபோது எழுந்து வருகிறது. இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. நிஜமாகவே மெய்சிலிர்த்துக் கிடந்தேன்.

கொங்கு நாட்டில் உப்புக் குகைக்கு எங்கே போவது? எல்லாம் கருங்கல். ஆனால் குழிக்குப் பஞ்சமே இல்லை. தண்ணீர் கிடைக்காமல் கைவிட்ட போர்வெல் இல்லாத தோட்டத்தை அன்னூர்ப் பக்கம் காட்டுங்கள், பார்ப்போம்.

மாமனார் தோட்டத்திலும் ஒன்று இருந்தது. ஆயிரம் அடிக்கு மேல் ஓட்டிய போர். கொஞ்ச காலம் தண்ணீர் கொடுத்தது. அதை நம்பி சோலார் மோட்டார் வைத்தார். பேனல்கள் வந்து மாட்டிய அடுத்த கோடையில் போர் வறண்டுவிட்டது. மேலே வெயிலைக் குடித்தபடி பேனல்கள், கீழே ஒன்றுமில்லாத குழி. மோட்டாரை உருவி எடுத்துவிட்டு வாயில் ஒரு தகரத்தைப் போட்டு மூடி வைத்திருந்தார்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பக்கம் உலாத்தப் போனேன். தகரத்தில் ஒரு ஓட்டை. அதன் மேல் யதேச்சையாகக் கைக்குட்டையை வைத்தேன். கைக்குட்டை மெல்ல எழுந்தது. காற்றே இல்லாத வெயில் நேரம். கையை வைத்துப் பார்த்தால் உள்ளங்கையில் குளிர்ச்சியாக ஒரு மூச்சு. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே காற்றழுத்தம் குறையும்போது ஆழத்தில் இருக்கிற காற்று மேலே வரும், கூடும்போது உள்ளே போகும், அவ்வளவுதான் விஷயம். விளக்கம் தெரிந்தும் உடம்பு புல்லரித்தது. பூமி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, என் கைமேல்.

மூச்சு விடுகிறதென்றால் எங்கேயோ நுரையீரல் இருக்க வேண்டும் அல்லவா? அது யார் தோட்டத்துக்கு அடியில் இருக்கிறது என்று அப்போதே யோசித்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

மாமனாரிடம் திட்டத்தைச் சொன்னேன். பேனல் மின்சாரத்தில் பகலில் கம்ப்ரஸர் ஓட்டுவது, போருக்குள் காற்றை அடைப்பது, சாயங்காலம் திறந்துவிட்டு டைனமோ சுற்றுவது.

“அதாவதுங்க மாப்ள, வெயில்ல கரண்டு. கரண்டுல காத்து. காத்துல மறுக்காவும் கரண்டு?”

“ஆமாங்க மாமா.”

“சரிங்க மாப்ள,” என்றார். கொஞ்சம் தென்னையைப் பார்த்தார். “சரிங்க.” துண்டை உதறித் தோளில் போட்டார். “சரிங்க, சரிங்க.”

எனக்கு ஒரே சந்தோஷம். காரில் திரும்பும்போது தேன்மொழி சொன்னாள்: “ஏனுங்க, எங்கப்பா ஒருக்கா சரிங்கன்னா சரின்னு அர்த்தம். ரெண்டு தடவைன்னா பார்க்கலாம்னு அர்த்தம். அதுக்கு மேல போச்சுன்னா, சாமி வேண்டாம்னு கும்படறாருன்னு அர்த்தம்.” நான் சிரித்தேன். தொழில்நுட்பத்தில் இந்த நுணுக்கமெல்லாம் எதற்கு?

அந்த நேரத்தில்தான் தேன்மொழியின் தங்கை கவிதாவுக்குக் கோபிச்செட்டிப்பாளையத்தில் சம்பந்தம் அமைந்தது. வைகாசியில் தோட்டத்து வீட்டிலேயே நிச்சயம். சாயங்காலம் பொழுது சாய்ந்ததும் தட்டு மாற்றுவது. அன்றைக்கென்று பார்த்து அந்த வட்டாரத்துக்கே பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருந்தார்கள். சாயங்காலம் வந்துவிடும் என்று அறிவிப்பு. வராது என்று அனுபவம். மாமனார் அன்னூரில் ஜெனரேட்டருக்குச் சொல்லிவைத்திருந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த ஜெனரேட்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

“பந்தல் பூரா காத்துலயே எரியுமுங்க மாமா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அசந்துபோயிருவாங்க.”

மாமியார் காபித் தம்ளரோடு நின்றவர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் என்னைப் பார்த்தார். “சரிங்க மாப்ள,” என்று ஆரம்பித்தவர் எத்தனை தடவை சொன்னார் என்று நான் எண்ணவில்லை.

கம்பெனியில் ஒரு பழைய கம்ப்ரஸரைக் கெஞ்சி வாங்கினேன். போர் வாயில் கனமான இரும்பு மூடி, சுற்றிலும் கான்கிரீட், மேலே வால்வு, பிரஷர் கேஜ். அதிலிருந்து ஒரு குழாய், காற்றில் சுழலும் மோட்டாருக்கு. மோட்டாரோடு இணைத்த ஒரு பழைய கார் டைனமோ. பந்தலில் வரிசையாகச் சின்ன எல்.இ.டி. பல்புகள். முந்தின வாரம் ஒரு மணி நேரம் ஓட்டிச் சோதித்தபோது பல்பு எரிந்தது. அதைப் பார்த்து நான் ஆடிய ஆட்டத்தை மாமியார் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்குத் தேள் கடித்துவிட்டதோ என்று பதறி ஓடிவந்தார்.

நிச்சயத்தன்று காலையிலேயே கம்ப்ரஸரைப் போட்டுவிட்டேன். வைகாசி வெயில், கம்ப்ரஸர் பிய்த்துக்கொண்டு ஓடியது. கேஜ் முள் ஏறியது. நான் நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டேன். காலுக்கு அடியில் ஆயிரம் அடிக் கருங்கல்லுக்குள் வெயில் காற்றாக இறங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைக்க நினைக்க நாற்காலியை விட்டு எழவே மனசு வரவில்லை.

பதினோரு மணிவாக்கில் முள் பாதியில் நின்றுவிட்டது. கம்ப்ரஸர் ஓடுகிறது, முள் ஏறவில்லை. புத்தியுள்ளவன் என்றால் காற்று எங்கேயோ போகிறது என்று நினைத்திருப்பான். நான் பூமியின் வயிறு பெரிது என்று நினைத்தேன்.

மாமனார் வந்து எட்டிப் பார்த்தார். “போதுங்களா மாப்ள?”

“இன்னும் குடிக்குதுங்க மாமா.”

“குடிக்கட்டுங்க,” என்றவர் போகாமல் பக்கத்துத் தோட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, என்னவோ சொல்ல வாயெடுத்து, “மோர் குடுத்துவிடறேனுங்க” என்று போய்விட்டார்.

பக்கத்துத் தோட்டம் தங்கவேல் மாமாவுடையது. மாமனாருக்குப் பங்காளி முறை. அவருடைய போர் முழுதாக வறளவில்லை. நாளைக்கு அரைமணி நேரம் இழுக்கும், அப்புறம் மோட்டார் வெறுமனே உறுமும். அந்த அரைமணித் தண்ணீரில்தான் அவர் தென்னையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். மதியம் அவர் வேலிப்பக்கம் வந்து நின்றார்.

“ஏனுங்க மாப்ள, சாப்டீங்களா?”

“ஆச்சுங்க மாமா.”

“நல்லதுங்க.” துண்டால் கழுத்தைத் துடைத்தார். “ஒண்ணுமில்லைங்க. நம்ம போருக்குள்ள கொடகொடன்னு ஒரு சத்தமுங்க.”

“மோட்டார்ல பேரிங் போயிருக்குமுங்க.”

“மோட்டார் ஓடலீங்களே. கரண்டே இல்லீங்க.”

நான் கேஜிலிருந்து கண்ணை எடுக்காமல், “விசேஷம் முடியட்டுங்க மாமா, வந்து பார்த்துத் தர்றேன்” என்றேன்.

“சரிங்க மாப்ள. சரிங்க. சரிங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நாலரை மணிக்குக் கோபியிலிருந்து வேன் வந்தது. எங்கள் பக்கம் பந்தல் அடைத்துக்கொண்டதால் தங்கவேல் மாமா தோட்டத்துத் தென்னை நிழலில் நிறுத்தச் சொன்னார்கள். நிழலுக்குப் பக்கத்தில் அவருடைய போர். மாப்பிள்ளையின் பெரியப்பா முதலில் இறங்கினார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பின்னால் மாப்பிள்ளை பிரபு, அவன் அம்மா, தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள். மாமனார் கைகூப்பியபடி, “வாங்க, வாங்க, எல்லாரும் வாங்க” என்று வேலி தாண்டிப் போனார்.

வந்தது அவர்கள் மட்டுமல்ல. போரும் வந்தது.

முதலில் பூமிக்குள் யாரோ தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு சத்தம். பிறகு போர் வாயை மூடியிருந்த தகடு பறந்துபோய்த் தென்னையில் மோதியது. அதன் பின்னாலேயே செம்மண் குழம்பு, தென்னைக்குப் பாதி உயரத்துக்கு எழுந்து, நின்று நிதானித்து, பெரியப்பாவின் தலையில் இறங்கியது. ஆப்பிள் தட்டு, பூத்தட்டு, பட்டுப்புடவைத் தட்டு எதையும் அது விட்டுவைக்கவில்லை. பிரபுவின் சட்டை காவியானது. கட்டிக்கப்போகிறவன் சாமியாராகிவிட்டான் என்று பிற்பாடு கவிதா சொன்னாள்.

யாரும் கத்தவில்லை. இதுதான் எங்கள் ஊர். பெரியப்பா முகத்தில் வழிந்த சேற்றை வழித்து எறிந்துவிட்டு, “பரவாயில்லீங்க. வெயிலுக்கு எதமாத்தான் இருக்குதுங்க,” என்றார். மாமனார் கூப்பிய கையைப் பிரிக்கவே மறந்துபோய் நின்றார்.

நான் கம்ப்ரஸரை நிறுத்த ஓடினேன். பாதி வழியில் பின்னால் சத்தம் மாறியது. திரும்பிப் பார்த்தேன்.

சேறு தெளிந்துவிட்டது. போர் வாயிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கண்ணாடி மாதிரித் தண்ணீர். ஆளுயரத்துக்கு எழும்பி, சாய்ந்த வெயிலில் பளபளத்து, வாய்க்காலில் விழுந்து ஓடியது. அந்த வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடி எத்தனை வருஷமோ, மண் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் காலையிலிருந்து அடைத்த வெயில், கருங்கல்லில் எந்தப் பிளவு வழியாகவோ போய், யார் கண்ணுக்கும் எட்டாத ஆழத்தில் கிடந்த தண்ணீரைத் தோள்கொடுத்துத் தூக்கிவந்து நிறுத்தியிருந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. அவமானமெல்லாம் ஒரு நிமிஷம் மறந்துபோய், வாயைத் திறந்தபடி நின்றேன். பிரபுவின் அம்மா சேறான கையை அதில் கழுவி, ஈரக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்புறம்தான் பந்தல் ஞாபகம் வந்தது. எல்லாக் காற்றும் இப்படிப் போய்விட்டால் விளக்கு எரியாது. ஜெனரேட்டரும் கிடையாது. இப்போதே நிறுத்தினால் போருக்குள் மிச்சமிருப்பதாவது மிஞ்சும். மறுபடி ஓடி, ஸ்விட்சில் கையை வைத்தேன்.

“மாப்ள, நிறுத்தாதீங்க.”

தங்கவேல் மாமா. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றிவளைக்காமல், சாப்பிட்டீர்களா என்று கேட்காமல், அந்தத் தோட்டத்தில் என்னிடம் நேராகச் சொல்லப்பட்ட முதல் வாக்கியம் அதுதான். “மேக்கால இருக்கற மரத்துக்கு இன்னும் பாயலீங்க. குருத்தெல்லாம் சாயுதுங்க.”

நான் மாமனாரைப் பார்த்தேன். அவருடைய வெயில், அவருடைய போர், அவருடைய மகளின் நிச்சயம். தண்ணீர் மட்டும் பங்காளிக்கு. அவரிடமிருந்து ஒரு ‘சரிங்க’கூட வரவில்லை. என் கை ஸ்விட்சில் இருந்தது.

பட்டுப்புடவையோடு வாசலில் நின்ற கவிதாதான் என்னைப் பார்த்துப் பேசினாள். “விடுங்க மாமா. லைட் இல்லாட்டிப் போகுது. மரத்துக்குப் பாயட்டும்.”

சேற்றோடு நின்ற பிரபு அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையைப் பார்த்த பிறகு இந்தச் சம்பந்தம் நின்றுபோகும் என்ற பயம் எனக்குப் போய்விட்டது. ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தேன். மாமனார் மெல்ல, “பாயட்டுங்க,” என்றார். ஒரே தடவைதான் சொன்னார்.

வெயில் இறங்க இறங்கத் தண்ணீரும் தணிந்தது. பொழுது சாய்ந்தபோது கம்ப்ரஸர் தானாக மூச்சை நிறுத்தியது. தண்ணீர் ஒரு மடக்குச் சத்தத்தோடு உள்ளே போய்விட்டது. மேற்கே இருந்த மரம்வரை வாய்க்கால் ஈரமாகக் கிடந்தது. மின்சாரம் வரவில்லை. வருவதாகத் தெரியவும் இல்லை.

பந்தலில் இருட்டு கட்டியது. மாப்பிள்ளை வீட்டார் மாமனாருடைய வேட்டிகளைக் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்கள். “தட்டு மாத்தறதுக்கு விளக்கு?” என்று யாரோ கேட்டார்கள். தேன்மொழி என்னைப் பார்த்தது இருட்டிலும் தெரிந்தது.

நம்பிக்கையே இல்லாமல் போய் வால்வைத் திறந்தேன்.

ஸ்ஸ் என்று ஒரு சத்தம். கனமில்லாத, ஆனால் நிற்காத சத்தம். மேலே தள்ளப்பட்ட தண்ணீர் தன் இடத்துக்குத் திரும்பி இறங்கும்போது, நடுவில் சிக்கியிருந்த காற்றை என் போர் வழியாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. மோட்டார் முனகிச் சுழன்றது. பந்தல் பல்புகள் எல்லாம் மின்மினிபோல் மினுங்கின. ஓடிப்போய் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பிடுங்கப் பிடுங்க மிச்சமிருந்தவை வெளுத்தன. கடைசியில் கவிதாவின் தலைக்கு மேல் இருந்த ஒரே ஒரு பல்பு, நல்ல வெள்ளையாக எரிந்தது.

“இதென்னங்க சத்தம்?” என்று பெரியப்பா கேட்டார்.

“பூமி மூச்சு விடுதுங்க,” என்றார் மாமனார். “மத்தியானத்து வெயிலுங்க அது. எங்க மாப்ள உள்ள வெச்சிருந்தாருங்க.” அவர் குரலில் அப்போது இருந்த பெருமையை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

அத்தனை பேரும் அந்தப் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழுவித் துடைத்த தட்டுகள் அந்த வெளிச்சத்தில் கைமாறின. மாறி முடிந்து பெண்கள் குலவையிட்டதும் பல்பு மங்கி, ஒருமுறை துடித்து, அணைந்தது. அதற்குமேல் பூமியிடம் இல்லை. சாப்பாடு செல்போன் வெளிச்சத்தில் நடந்தது. சாம்பார் விழுந்த இடம் இலையா வேட்டியா என்று பலருக்கு மறுநாள்தான் தெரிந்தது.

பந்தியில் மாமியார் எனக்கு ஒப்புட்டு (எங்கள் பக்கத்துப் போளி) வைக்கும்போது மெதுவாகச் சொன்னார். “நம்ம போர் ஓட்டறப்பவே, போர் போடற வண்டியோட காத்து அவிங்க போர்ல குபுகுபுன்னு வந்துச்சுங்க மாப்ள. ரெண்டும் ஒரே ஊத்துங்க. ஊரே நின்னு பாத்துச்சு.”

“அப்படீங்களா? ஏனுங்க அத்தை, முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

“மாப்ளைகிட்ட அதெப்படீங்க சொல்றது?” என்று இன்னொரு ஒப்புட்டு வைத்தார்.

கவிதாவும் பிரபுவும் இப்போது நன்றாக இருக்கிறார்கள். அவர்கள் கல்யாணத்துக்கு மாமனார் இரண்டு ஜெனரேட்டர் வரவழைத்தார். எதற்கு இரண்டு என்று கேட்டவர்களிடம், “ஒண்ணு லைட்டுக்குங்க, ஒண்ணு மூத்த மாப்ளைக்குங்க,” என்றாராம். நான் இன்றும் காற்றோடுதான் மல்லுக்கட்டுகிறேன். ஆனால் கம்பெனி வளாகத்தில், இரும்புத் தொட்டிகளில். பக்கத்துத் தோட்டம் இல்லாத இடம். எங்கள் குடும்பத்தில் யாராவது பெரிய திட்டம் போட்டால், “காத்து யாரூட்டுக்குப் போவுதுன்னு பாத்துட்டீங்களா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. தங்கவேல் மாமா ஒவ்வொரு கோடையிலும் போன் செய்து, சாப்பிட்டேனா, பிள்ளைகள் சௌக்கியமா, என்றெல்லாம் கேட்டுவிட்டு, “சும்மாதாங்க கூப்ட்டேன். இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சுங்களே. வரும்போது அந்த மிசினையும் கொண்டாங்க,” என்பார்.

தோட்டத்துக்குப் போனால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் இன்னும் அந்தப் போர்ப் பக்கம் போகிறேன். வால்வைத் திறந்து, அதன் மேல் கைக்குட்டையை வைக்கிறேன். அது எழுகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது பழகவில்லை. என் பின்னால் மாமனார் வந்து நிற்பது தெரியும். நான் ஒரு வார்த்தையும் பேசியிருக்க மாட்டேன். திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

“சரிங்க மாப்ள,” என்பார். “சரிங்க. சரிங்க. சரிங்க.”